"எனக்கு" என்பதிலிருந்து "நான்" என்பதற்கு: மூச்சுப் பயிற்சியும் தமிழ் வினைச்சொற்களும்

மூச்சுத் திணறலால் துன்புறுவோர்க்கு மருத்துவத் துறை தரும் உதவிகளுள் ஒன்று மருந்துக் கடையில் கிடைப்பதில்லை. அது முழுவதும் சொல்லால் ஆனது. "மெதுவாக இழுங்கள், உதட்டைக் குவித்து நெடுக ஊதுங்கள்" என்று ஒருவர் கூற, நோயாளி அவ்வாறே செய்கிறார். இதனையே மூச்சுப் பயிற்சி என்கிறோம். மருந்தின் அளவு மாறினால் பயனும் மாறும் என்பதை யாவரும் அறிவோம். இப்பயிற்சியில் சொல்லே மருந்தாக நிற்பதால், சொல் மாறினாலும் பயன் மாறும். ஆகவே, மருத்துவர்க்கும் இயன்முறைச் சிகிச்சையாளர்க்கும் உரிய இப்பொருள், மொழியைப் பயில்வோரும் பயிற்றுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்கதாகவும் அமைகிறது.

பினாங்குத் தீவின் தென்கிழக்கே உள்ள பாயான் பாரு, 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் தொடங்கப்பெற்ற தடையற்ற வாணிக வட்டாரத்தை ஒட்டி வளர்ந்த நகர். தொழிற்சாலை வேலைக்காக இளையோர் குடியேறினர். அவர்களோடு தோட்டப்புறங்களில் வாழ்ந்து முதிர்ந்த பெற்றோரும் வந்தனர். விறகடுப்புப் புகையிலும் சுருட்டுப் புகையிலும் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தோர் அவர்களுள் உண்டு. 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் இத்தீவைக் கவிந்த புகைமூட்டம், பள்ளிகளையே மூடும் அளவுக்குக் கடுமையாக இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. இத்தகைய ஊரில் மூச்சைப் பற்றிப் பேசுவது வெறும் ஏட்டுக் கல்வி ஆகாது.

இங்குள்ள மருத்துவமனைக் கூடங்களில் மலாய், ஆங்கிலம், ஹொக்கியன், தமிழ் ஆகிய மொழிகள் அருகருகே ஒலிக்கின்றன. பயிற்சியைக் கற்றுத் தருபவர் பெரும்பாலும் மலாயில் பேசுகிறார். உடன் வந்த பேரனோ பேத்தியோ அதனைத் தமிழாக்கித் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சொல்கின்றனர். அந்த நேரத்தில் மருந்தை அளந்து ஊற்றும் கை அப்பிள்ளையுடையது. அப்பிள்ளை நம் வகுப்பறையில் தமிழ் பயில்பவராக இருக்கலாம். அவருக்கு எந்தச் சொற்களைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதே இவ்வுரையின் வினா.

நுரையீரல்: பெயரும் தொழிலும்

முதலில் உறுப்பைக் காண்போம். "நுரையீரல்" என்னும் பெயரில் நுரை இருக்கிறது. ஆட்டிறைச்சி வாங்கும் வீடுகளில் இவ்வுறுப்பின் மென்மையும் பஞ்சுத் தன்மையும் நன்கு தெரியும். அதனை அழுத்தினால் நுரை போன்றிருக்கும். பெயர் வைத்தோர் கண்ணால் கண்டதைக் கொண்டு வைத்தனர். ஆனால் உருப்பெருக்கியால் கண்டோரும் அப்பெயரையே உறுதி செய்கின்றனர். மனித நுரையீரலுள் முப்பது கோடி முதல் ஐம்பது கோடி வரை நுண்ணிய காற்றறைகள் உள்ளன. சோப்பு நுரையின் குமிழிகள்போல அவை நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மெல்லிய சுவர்களின் வழியே உயிர்வளி குருதியிற் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

இந்நுரைக்குத் தானே விரியும் ஆற்றல் இல்லை. அதனை விரிக்கும் முதன்மைத் தசை உதரவிதானம். உதரம் என்பது வயிறு. விதானம் என்பது மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே மேற்கட்டிபோல வளைந்து கிடப்பதால் இப்பெயர் பொருத்தமாக அமைந்துள்ளது. மூச்சை உள்ளிழுக்கும்போது அம்மேற்கட்டி கீழிறங்கித் தட்டையாகிறது. மேலே நெஞ்சறை விரிகிறது. கீழே வயிற்றுறுப்புகள் தள்ளப்பட்டு வயிறு முன்னே வருகிறது. ஆகவே, நல்ல உள்மூச்சின் அடையாளம் வயிறு சற்றே உயர்வது. "நன்றாக மூச்சை இழுங்கள்" என்றதும் பலர் தோளை உயர்த்தி வயிற்றை எக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு செய்யும்போது மேற்கட்டி இறங்க இடம் கிடைப்பதில்லை. "வயிற்றால் மூச்சு விடுங்கள்" என்னும் கட்டளையோ, காற்று வயிற்றுக்குள் செல்வதாக எண்ணச் செய்கிறது. "வயிற்றின்மேல் கையை வையுங்கள், மூச்சை இழுக்கும்போது கை மேலே வரட்டும்" என்று சொன்னால் எண்ணக் குழப்பமின்றிச் செயல் நிகழ்கிறது.

அமைதியாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்சென்று வெளிவருகிறது. உள்ளிழுக்கத் தசை உழைக்க வேண்டும். வெளிவிட, நுரையீரல் இழுபட்ட ரப்பர்போலத் தானே சுருங்கினால் போதும். எவ்வளவுதான் ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட காற்று உள்ளேயே தங்கும். உடல்நலமுடையோர்க்கு இத்தங்கல் இயல்பானது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடையோர்க்கு இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. அவர்களுடைய நுண்குழல்கள் தளர்ந்துள்ளன. விரைந்து வெளிவிட முயலும்போது அவை மடங்கி மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளே சிறைப்படுகிறது. புதிய காற்றுக்கு இடமில்லை. நோயாளி, "காற்று உள்ளே போகவில்லை" என்று முறையிடுகிறார். உண்மையில் காற்று வெளியே போகவில்லை. எனவே அவருக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம், மெல்ல வெளிவிடுதல்.

பயிற்சியின் பயனும் எல்லையும்

பயிற்சியால் நுரையீரல் புதிதாக முளைத்துவிடும் என்று சிலர் கூறுகின்றனர். அது மெய்யன்று. அழிந்த காற்றறைகளை எந்தப் பயிற்சியும் மீட்பதில்லை. கருவியில் ஊதி அளக்கும் அளவுகளும் இந்நோயில் பெரிதாக உயர்வதில்லை. அத்தகைய அளவுமானியை 1846ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்திய காலம் முதல், எண்ணே நுரையீரலின் நலத்தைச் சொல்லும் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. ஆயினும், நோயாளி வேண்டுவது எண்ணை மட்டுமன்று. குளியலறைக்கு நடந்து சென்று திரும்ப வேண்டும். மாடிப்படியில் ஏற வேண்டும். பேரப்பிள்ளையோடு பேச வேண்டும். உள்ள நுரையீரலைக் கொண்டு இவற்றைக் குறைந்த துன்பத்தோடு செய்யப் பயிற்சி துணைபுரிகிறது. நடைப்பயிற்சி, தசைப்பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்துத் தரப்படும்போது அத்துணை மேலும் வலுப்படுகிறது.

மார்பிலோ வயிற்றிலோ அறுவை மருத்துவம் செய்துகொண்டோர் நிலை வேறு. வலிக்கு அஞ்சி அவர்கள் மேலோட்டமாக மூச்சு விடுகின்றனர். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிடக்க, அங்கே சளி தேங்கி நோய்த்தொற்றுக்கு வழி உண்டாகிறது. அவர்களுக்கு ஆழ்ந்து இழுத்தலும், சில நொடி உள்ளே வைத்திருத்தலும் கற்பிக்கப்படுகின்றன. ஒருவருக்கு நெடிய வெளிமூச்சு. மற்றொருவருக்கு ஆழ்ந்த உள்மூச்சு. நோய்க்கேற்பப் பயிற்சி வேறுபடுவதால், மருத்துவர் சொன்னது எது என்பதைத் திரிபின்றித் தமிழில் சொல்வது இன்றியமையாததாகிறது.

மூச்சு எழுவாயாக நிற்கும் வாக்கியங்கள்

இப்போது மொழிக்கு வருவோம். மூச்சு முட்டும் ஒருவர் தம் நிலையைத் தமிழில் எவ்வாறு கூறுகிறார்? "எனக்கு மூச்சு வாங்குகிறது", "எனக்கு மூச்சு முட்டுகிறது", "எனக்கு மூச்சு இரைக்கிறது", "எனக்கு இழுக்கிறது". இவ்வாக்கியங்களில் ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எழுவாயாக நிற்பது மூச்சு. "எனக்குப் பசிக்கிறது", "எனக்குத் தலை வலிக்கிறது" என்பனவும் இவ்வமைப்பினவே. நம் விருப்பின்றி நம்மிடத்து நிகழ்வனவற்றைக் கூறுவதற்குத் தமிழ் இவ்வமைப்பைத் தேர்ந்துகொள்கிறது. செய்பவர் வேறு, அடைபவர் வேறு என்னும் வேறுபாட்டை உருபொன்றே காட்டிவிடுகிறது.

மூச்சுப் பயிற்சி வேண்டும் வாக்கியமோ வேறு: "நான் மூச்சை ஊதுகிறேன்." இங்கே ஆள் எழுவாய், மூச்சு இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகிறது. பயிற்சி முழுவதையும் இலக்கண நோக்கில் சுருக்கிக் கூறினால், எழுவாயாக இருந்த மூச்சைச் செயப்படுபொருளாக மாற்றும் முயற்சி எனலாம். "எனக்கு" என்பதிலிருந்து "நான்" என்பதற்கு நோயாளி நகர்கிறார்.

இந்நகர்வு எல்லா உடற்செயலுக்கும் இயலுவதில்லை. "எனக்கு நெஞ்சு படபடக்கிறது" என்று கூறலாம். நெஞ்சைத் துடிக்கவோ நிற்கவோ நேரே கட்டளையிட முடியாது. "பசியுங்கள்" என்று ஒருவரை ஏவவும் இயலாது. மூச்சு மட்டும் இரு கரையிலும் கால் வைத்துள்ளது. உறக்கத்தில் முகுளம் என்னும் மூளையடிப் பகுதி அதனைத் தானே நடத்துகிறது. விழிப்பில் நாம் விரும்பினால் பெருமூளை சிறிது நேரம் அதனை ஏற்று நடத்தும். உடலியல் கூறும் இவ்விரட்டை ஆட்சியைத் தமிழ் வாக்கிய அமைப்பும் இரு வடிவங்களால் காட்டுகிறது. பேச்சும் பாட்டும் இந்த இரண்டாம் ஆட்சியால் இயல்வனவே. பேசும்போது நாம் சட்டென இழுத்து, நெடுநேரம் சிறுகச் சிறுக வெளிவிடுகிறோம். நோயாளிக்குக் கற்பிக்க விரும்பும் நெடிய வெளிமூச்சை, பேசத் தெரிந்த ஒவ்வொருவரும் குழந்தைப் பருவத்திலேயே கற்றிருக்கிறார். பயிற்சியாளர் செய்வது அதனை நினைவூட்டுதலே.

விடு, வாங்கு, பிடி: இரட்டுறும் ஏவல்கள்

நகர்வுக்குத் துணைபுரிய வேண்டிய ஏவல் வினைகள் தமிழில் சில இடங்களில் வழுக்குகின்றன.

"மூச்சு விடு" என்பதை எடுத்துக்கொள்வோம். பொதுவாகச் சுவாசித்தலையும் அது குறிக்கும். வெளிவிடுதலை மட்டும் குறிக்கவும் வரும். "நன்றாக மூச்சு விடுங்கள்" என்றால் இழுத்து விடுவதா, விடுவது மட்டுமா? கேட்பவர் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். "மூச்சு விடாதே" என்பதற்கோ, செய்தியை வெளியே சொல்லாதே என்னும் பொருளும் உண்டு.

"மூச்சு வாங்கு" என்பதில் வாங்குதல் பெறுதலைக் குறிப்பதால், உள்ளிழுத்தலுக்கு அது பொருந்தும் என்று தோன்றும். ஆனால் வழக்கில் மூச்சு வாங்குதல் என்பது மூச்சிரைத்தலே. "மூச்சு வாங்குங்கள்" என்று ஏவினால், நீங்கப்பெற வேண்டிய நோயையே செய்யச் சொல்வதாகிவிடும். "இழு" என்னும் வினை இதனினும் தெளிவானது. "இழுப்பு" ஆஸ்துமாவின் பெயராகவும் வழங்குவது உண்மையே. எனினும் "மூச்சை இழுங்கள்" என்று ஐகாரம் சேர்த்துக் கூறும்போது செயப்படுபொருள் வெளிப்பட்டு நிற்பதால் மயக்கம் நீங்குகிறது.

மிகுந்த குழப்பத்திற்கு இடமாவது "பிடி". "மூச்சைப் பிடியுங்கள்" என்று சொல்பவர், உள்ளே நிறுத்திவையுங்கள் என்று கருதுகிறார். ஆனால் தமிழில் ஆவி பிடிக்கிறோம், புகை பிடிக்கின்றனர். இவ்விரண்டிலும் பிடித்தல் உள்ளிழுத்தலே. போதாக்குறைக்கு, "மூச்சுப் பிடிப்பு" என்பது விலாவில் சுரீரென வலிக்கும் தசைப் பிடிப்பின் பெயர். பாட்டியிடம் "மூச்சைப் பிடிங்க" என்றால், "எனக்குப் பிடிப்பு ஒன்றும் இல்லையே, ஐயா" என்று அவர் விடையிறுப்பது வியப்பன்று. "மூச்சை அடக்கு", "மூச்சை நிறுத்து" என்பனவும் உதவா. மூச்சு அடங்கியது, மூச்சு நின்றது என்பன இறப்பைச் சொல்லும் தொடர்கள். நோயால் அஞ்சியிருக்கும் முதியவர் காதில் அவை எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலாய் வழியே வரும்போது மற்றொரு மயக்கம் சேர்கிறது. "தாரிக் நஃபாஸ்" என்பதில் தடையில்லை. தே தாரிக் அருந்தும் யாவர்க்கும் தாரிக் என்றால் இழுத்தல் என்பது தெரியும். "ஹெம்புஸ்" என்பது ஊதுதல். ஆனால் "தாஹான்" என்பதற்கு நிறுத்திவைத்தல், தாங்கிக்கொள்ளுதல் என்னும் இரு பொருளும் உண்டு. பிள்ளைகள் பலர் இரண்டாம் பொருளைக் கொண்டு "பொறுத்துக்கோங்க, தாத்தா" என்று மொழிபெயர்க்கக் கேட்டிருக்கிறோம். தாத்தா பொறுத்துக்கொண்டிருப்பார், மூச்சோ வழக்கம்போலப் போய்வந்துகொண்டிருக்கும். மருந்தை உள்ளிழுக்கும் கருவியைப் பயன்படுத்துவோர்க்கு இது சிறு பிழையாகாது. "பம்ப்" என்று நாம் வழங்கும் அக்கருவியின் மருந்தை இழுத்தபின் ஏறத்தாழப் பத்து நொடி, அல்லது இயன்ற அளவு, உள்ளே வைத்திருந்தால்தான் மருந்து குழல்களில் நன்கு படியும். "மூச்சை உள்ளேயே வைத்திருங்கள், நான் எண்ணி முடித்ததும் விடலாம்" என்பது நீண்ட வாக்கியமே. ஆயினும் அதில் அச்சமும் இல்லை; இருபொருளும் இல்லை.

ஆகவே மூன்று ஏவல்களைப் பரிந்துரைக்கிறோம்: இழுங்கள், வைத்திருங்கள், ஊதுங்கள். வைத்திருத்தல் எல்லார்க்கும் வேண்டுவதில்லை என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

ஊகாரமும் உதடும்

வெளிவிடுதலுக்கு "ஊது" என்பதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாட்பட்ட அடைப்பு நோயில் கற்பிக்கப்படுவது குவித்த உதட்டு மூச்சு. உதடுகளைக் குவித்து வாயிலைச் சிறிதாக்கினால், வெளிவரும் காற்றுக்கு அங்கே தடை ஏற்படுகிறது. அத்தடையால் உள்ளே சிறிதளவு அழுத்தம் நிலைத்து, தளர்ந்த நுண்குழல்கள் மடங்காமல் திறந்தே நிற்கின்றன. சிறைப்பட்ட காற்று மெல்ல வெளியேறுகிறது. மூச்சின் எண்ணிக்கை குறைகிறது.

அவ்வுதட்டு நிலை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிதலால் பிறக்கும் என்று வகுத்துரைக்கிறது. ஊகாரத்தைக் குரலின்றி, காற்றாக மட்டும் ஒலித்துப் பாருங்கள். அதுவே மருத்துவர் கற்பிக்கும் உதட்டு நிலை. "ஊது" என்னும் வினை அவ்வெழுத்திலேயே தொடங்குவதால், சொல்லைச் சொல்லும்போதே வாய் செயலுக்கு ஆயத்தமாகிறது. "விடு" என்பதற்கு இவ்வசதி இல்லை.

ஒரு எச்சரிக்கை வேண்டும். ஊதுதல் என்றதும் ஊதாங்குழலை நினைத்துக் கன்னம் புடைக்க ஊதுவோர் உண்டு. வன்மையாக ஊதினால் நுண்குழல்கள் மூடிக்கொள்ளும், முயற்சி வீணாகும். கொதிக்கும் தேநீரைத் ததும்பாமல் ஆற்ற ஊதுவதே ஏற்ற உவமை. காற்று நீர்ப்பரப்பைச் சுளிக்கச் செய்ய வேண்டும், சிந்தச் செய்யலாகாது.

பிறப்பியல் மற்றொரு வகையிலும் நினைக்கத்தக்கது. எழுத்தொலிகளுக்கு மூலமான காற்று உந்தியிலிருந்து எழுவதாக அது தொடங்குகிறது. உந்தி என்பது கொப்பூழ்ப் பகுதி. காற்று இருக்குமிடம் நுரையீரலே என்பதால் இக்கூற்றை உடற்கூற்றியலாகக் கொள்ளல் பொருந்தாது. ஆனால் ஒலிக்கும் ஒருவர் தம் முயற்சியை எங்கே உணர்கிறாரோ அங்கே தொல்காப்பியர் விரல் வைத்துள்ளார். பயிற்சியாளர் இன்று நோயாளியின் கையை வைக்கச் சொல்லும் இடமும் அதற்கு அணித்தே உள்ளது. காற்று உள்ளே இயங்கும் அளவைத் தாம் கூறாமல் விடுத்து, புறத்தே வெளிப்படும் ஒலியையே கூறுவதாகவும் ஆசிரியர் அவ்வியலின் இறுதியில் எல்லை வகுத்துக்கொள்கிறார். தம் துறையின் எல்லையைத் தாமே அறிந்துரைத்த அவ்வொழுக்கம், மருத்துவத்தின் வாயிலில் நிற்கும் மொழியாளர்க்கும் வேண்டற்பாலது.

மாத்திரைக் கணக்கு

எவ்வளவு நேரம் இழுப்பது, எவ்வளவு நேரம் ஊதுவது? இழுக்க ஒரு பங்கு, ஊத இரு பங்கு என்பது இந்நோயில் எளிய விதி. இரண்டு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, நான்கு எண்ணும் வரை வாயால் ஊதலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரு மாத்திரை என்று அறிந்த மாணவர்க்கு இவ்விகிதம் எளிதில் பதியும். இழுப்பது குறில், ஊதுவது நெடில். கண்ணிமைப்பும் கைந்நொடியும் மாத்திரையின் அளவாகத் தொல்காப்பியத்தில் கூறப்பட்டுள்ளன. பயிற்சியிலும் வாயால் எண்ணுவதைவிட விரலால் தட்டிக் காட்டுவதே நன்று. "ஒன்று", "இரண்டு", "நான்கு" ஆகிய சொற்கள் ஒத்த நீளமுடையன அல்ல. எண்ணுபவர் விரைந்தால் நோயாளியும் விரைவார். விரல் தட்டுவதை நோயாளியின் மூச்சுக்கு ஏற்பத் தளர்த்தலாம். அளவைக் குறிக்கும் மாத்திரை என்னும் சொல்லே அளந்து தரும் மருந்துக்கும் பெயரானதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் சிலர் திருமந்திரத்தை நினைக்கக் கூடும். அந்நூலின் மூன்றாம் தந்திரம் மூச்சுப் பயிற்சியைப் பதினாறு மாத்திரை உள்வாங்கல், அறுபத்து நான்கு மாத்திரை உள்நிறுத்தல், முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடல் என்று வகுக்கிறது. இழுத்தலைப்போல் இருமடங்கு வெளிவிடுதல் என்னும் பகுதி, மேலே கூறிய விதியோடு ஒத்திருப்பது கருதத்தக்கது. ஆயின் நடுவில் உள்ள நெடிய நிறுத்தம் யோகம் பயில்வோர்க்குரியது. காற்று ஏற்கெனவே சிறைப்பட்டிருக்கும் நோயாளிக்கு அது ஏற்றதன்று. இதய நோயும் உயர் குருதியழுத்தமும் உடையோரும் மருத்துவரைக் கேளாது நெடுநேரம் நிறுத்திவைத்தல் தகாது. பழைய நூலின் பெருமை, அதனை யாருக்கு எடுத்துரைக்கிறோம் என்னும் தெளிவோடு சேர்ந்தே நிற்கும்.

சளியை வெளிக்கொணரும் ஒலி

சளி தேங்கும் நோய்களில் மற்றொரு முறை உண்டு. 1960களில் நியூசிலாந்தில் விளக்கப்பட்டு, பின்னர் இலண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வளர்த்தெடுக்கப்பட்டது அது. அமைதியான மூச்சு, ஆழ்ந்த மூச்சு, பிறகு வாயையும் தொண்டையையும் திறந்தபடி விரைந்து வெளித்தள்ளும் மூச்சு என்பன மாறி மாறி வரும். இறுதியிலுள்ளதை எப்படிச் சொல்லித் தருவது? "இருமுங்கள்" என்றால் தொண்டை மூடித் திறக்கும். அது வேறு செயல். "ஊதுங்கள்" என்றால் உதடு குவியும், அதுவும் பிழை. இங்கு வேண்டுவது குவியாத வாய், மூடாத தொண்டை. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் முன் "ஹா" என்று ஆவி படியச் செய்வோமே, அதுவே உரிய நிலை. சற்று வலுவாகச் செய்தல் வேண்டும். ஊகாரம் ஒன்றற்கு, ஆகாரம் மற்றொன்றற்கு. அங்காத்தலால் அ, ஆ பிறக்கும் என்று பிறப்பியல் கூறுவதையும் மாணவர் இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

முடியாத வாக்கியம்

கற்பிப்பவர் மொழியைப் பற்றி இதுவரை கூறினோம். நோயாளியின் மொழியையும் கேட்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இயலாமை, கடும் ஆஸ்துமாவின் அடையாளங்களுள் ஒன்றாக மருத்துவத்தில் கொள்ளப்படுகிறது. தமிழில் இதற்குத் தனி விளைவு உண்டு. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. காலமும் எதிர்மறையும் அங்கேயே தங்கியுள்ளன. "காலையில் பம்ப் மருந்தை" என்பதோடு மூச்சு அறுந்துவிட்டால், "எடுத்தேன்" என்றாரா, "எடுக்கவில்லை" என்றாரா என்பது கேட்பவர்க்கு எட்டாது. ஆங்கிலத்திலும் மலாயிலும் எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னரே வந்துவிடுவதால் இவ்விடர் குறைவு.

எனவே மூச்சு முட்டும் தமிழரிடம், "என்ன செய்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்பது பொருந்தாது. "மருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டுத் தலையசைப்பை நோக்குதல் நன்று. அவர் பேச முயன்றால் முற்றுவினை வரும் வரை காத்திருத்தல் வேண்டும். அவ்வினையை நாமே ஊகித்து முடித்தல் கூடாது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

ஆசிரியர்கள் இப்பொருளை ஒரு பாடவேளையில் எளிதில் கையாளலாம். வேற்றுமை உருபுகளைக் கற்பிக்கும் நாளில், "எனக்கு மூச்சு வாங்குகிறது", "நான் மூச்சை ஊதுகிறேன்" ஆகிய இரண்டையும் பலகையில் எழுதி, எழுவாய் எது என்று கேட்கலாம். பிறப்பியலைக் கற்பிக்கும் நாளில் ஊகாரத்தைக் குரலின்றி ஒலிக்கச் செய்யலாம். மாணவர் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் மலாய்க் கட்டளையைச் சொல்ல, மற்றவர் அதனைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ சொல்லும் மரியாதைத் தமிழில் தரலாம். "ஊது" என்று முதியவரை ஏவ எந்தப் பேரனும் துணிவதில்லை. "கொஞ்சம் மெல்ல ஊதுங்க, பாட்டி" என்னும் வடிவமே வீட்டில் வழங்குவது. ஏவலின் கடுமையை நீக்கும் அவ்விகுதியும் அம்முறைப்பெயரும் பயிற்சியின் பகுதிகளே. அஞ்சியவரின் மூச்சு மென்மையான குரலுக்கே இணங்கும்.

சில வரம்புகளையும் மாணவர்க்குச் சொல்லிவைத்தல் கடமை. மூச்சுப் பயிற்சி மருந்துக்கு மாற்றாகாது. தலை சுற்றினாலோ விரல்கள் மரமரத்தாலோ உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விடச் செய்ய வேண்டும். மிகையாக மூச்சு விடுவதால் குருதியில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைவதே அதற்குக் காரணம். உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சே எழாவிட்டாலோ பயிற்சிக்கு அது நேரமன்று; 999 எண்ணை அழைத்தல் வேண்டும். எந்தப் பயிற்சி எவர்க்கு என்பதை வகுப்பவர் மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளருமே. அவர் வகுத்ததைச் சிதையாமல் கொண்டுசேர்ப்பதே மொழிபெயர்ப்பவரின் பணி.

பழந்தமிழில் மூச்சுக்கு உயிர்ப்பு என்றும், மூச்சு விடுதலுக்கு உயிர்த்தல் என்றும் பெயர். எழுத்துகளுள் தானே ஒலிக்க வல்லதை உயிர் என்றும், அதன் துணையின்றி இயங்காததை மெய் என்றும் நம் இலக்கணம் வகுத்தது. மூச்சு முட்டும் உடலுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. இழுங்கள், வைத்திருங்கள், ஊதுங்கள் என்னும் மூன்று சொற்களைத் தக்க இடத்தில், தக்க குரலில் சொல்ல அறிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அத்துணை அவ்வீட்டிலேயே இருக்கிறது. நம் மாணவர்கள் அச்சொற்களை அறிந்து வீடு திரும்பட்டும்.